காலேஜ் தோட்டத்துக்கு வந்த பதில்

அத்தியாயம் 9

உதுமான் நானாவைக் கொன்றவன் அவசரக்காரன் மட்டுமல்ல, ஈவிரக்கம் இல்லாதவன். வலது கையில் மூன்று விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி ஒடித்திருந்தான். அதுவும் போதாமல், பழைய பேப்பர் நிறுக்கும் இரும்பு எடைக்கல்லை எடுத்துப் பின்மண்டையில் போட்டிருந்தான். கல் பக்கத்திலேயே கிடந்தது. அதில் வெள்ளை முடி ஒட்டியிருந்தது.

நான் ஜுனைத். ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் துப்பறியும் நிறுவனத்தில் இரண்டாவது ஆள். மொத்தமே இரண்டு ஆள்தான். முதல் ஆள் கஸ்தூரி அக்கா. இருபத்தாறு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்து வெளியே வந்தவர். எதற்காக அறைந்தார் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் கன்னம் இருக்கிறது.

“அக்கா, நானா கண்ணை மூடி விட்டுடவா?”

“எதையும் தொடாதே.”

“என் வாப்பாவோட கூட்டாளி அக்கா. ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு ஒரு புத்தகம் குடுப்பாரு. ஒண்ணைக்கூட நான் படிச்சதில்ல.”

அக்கா என்னைப் பார்த்தார். “சரி, மூடு,” என்றார். மூடினேன்.

தெப்ராவ் தொழிற்பேட்டையில் உள்ள இந்த ஸ்டோரில்தான் நானா வெளிநாட்டுப் பழைய புத்தகங்களைக் கண்டெய்னர் கணக்கில் இறக்கி விற்று வந்தார். போன வருடம் அப்படி இறங்கிய ஒரு கண்டெய்னரில் பத்தொன்பது பெட்டிகள் வந்தன. அமெரிக்காவில் மூடப்பட்டுவிட்ட எல்டன்ரிஜ் பல்கலைக்கழகத்தின் பழைய தலைவர் ஒருவரின் அலுவலகக் காகிதங்கள். டாக்டர் ஹைரம் விட்லாக். 1904 முதல் 1922 வரை நாற்காலியில் இருந்தவர். அவர் எழுதிய கடிதம், அவருக்கு வந்த கடிதம், குமாஸ்தா அடித்த நகல், எல்லாம் பத்திரமாக அடுக்கப்பட்டு அனுப்பப்பட்டிருந்தன.

அமெரிக்க வாத்தியார் காகிதத்துக்கு ஜொகூரில் என்ன வேலை என்றால், அந்தப் பல்கலைக்கழகம் 1909இல் கோத்தா திங்கியில் ஒரு ரப்பர்த் தோட்டம் வாங்கியிருந்தது. நம் ஆட்கள் அதைக் காலேஜ் தோட்டம் என்றார்கள். பிறகு தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, இப்போது வீடு கட்டும் கம்பெனி ஒன்றிடம் இருக்கிறது. அதில் பதினோரு ஏக்கரில் மட்டும் நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரு கோயிலும் இடுகாடும். காலி செய்யச் சொல்லி கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. விசாரணை நாளைக் காலை.

முன்னோர் போட்ட மனுவை ஏற்று, அந்த நிலத்தைத் தலைவரே தொழிலாளிகளுக்கு எழுதிக் கொடுத்தார் என்பது குடும்பங்களின் நம்பிக்கை. கடிதம் இருந்தால் இந்தப் பெட்டிகளில்தான் இருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களில் பிறந்த லோஷினி, சரித்திரம் படித்த இருபத்தாறு வயதுப் பெண், மூன்று வாரமாக இங்கே உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவளைக் காணவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு அவள் அம்மா புஷ்பவள்ளி எங்கள் கதவைத் தட்டி, போனை நீட்டினார். ஒரு படம், இரண்டு வரி. படத்தில் லோஷினியின் இடது கை. சுண்டு விரல் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கீழே: ‘பிரசிடெண்ட் கடிதம் மத்தியானம் ஒரு மணிக்குள் வேண்டும். போலீஸ் வந்தால் பெண் ஆற்றில்.’

அவள் வேலை செய்த இடம் என்று இங்கே வந்தால் நானா இப்படிக் கிடந்தார். இப்போது மணி பத்தே முக்கால்.

“ரெண்டே கால் மணி நேரம் இருக்கு,” என்றேன். “பத்தொன்பது பெட்டி. அலமாக்! இந்த மனுஷன் பதினெட்டு வருஷமா சாப்பிட்டானா தூங்குனானா, கடிதம் மட்டும்தான் எழுதுனானா?”

“பேசிக்கிட்டே படி.”

படித்தேன். புல்வெளியில் மாணவர்கள் நடக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. மை வாங்கியதற்கு ஒரு நன்றி. வகுப்பில் சுருட்டுப் பிடித்த பேராசிரியர் ஒருவருக்கு மூன்று பக்கக் கடிதம். முதல் பக்கம் முழுக்க அவருடைய அறிவைப் புகழ்ந்திருந்தார். இரண்டாம் பக்கம் அவர் மனைவியின் உடல்நலம் விசாரிப்பு. மூன்றாம் பக்கம் கடைசிப் பத்தியில் அவரை வேலையிலிருந்து தூக்கியிருந்தார்.

“மாமியார் வீட்டு விருந்து மாதிரி இருக்கு அக்கா. பாயசம் வரைக்கும் ஊத்திட்டு வாசல்ல கழுத்தைப் புடிக்குறான்.”

அக்கா சிரிக்கவில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் கடிதம் எழுதியவர் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் இரும்பு அலமாரியில் நின்றன. ஒன்றே ஒன்று மட்டும் தரையில் கவிழ்ந்து கிடந்தது. ‘கே’ பெட்டி. அதன் கோப்புகள் கிழிந்து, மிதிபட்டு, இரத்தக் கறையோடு சிதறியிருந்தன. மற்ற பதினெட்டையும் வந்தவன் தொட்டிருக்கவில்லை.

“வந்தவனுக்கு எந்தப் பெட்டின்னு தெரிஞ்சிருக்கு,” என்றார் அக்கா. “நேரா கே-க்குப் போயிருக்கான். இல்லைன்னதும் நானா விரலை ஒடிச்சிருக்கான்.”

“கே-ல என்ன இருக்கு?”

“அதான் கேக்கணும்.”

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்.

“அம்மா, தலைவருக்கு மனு எழுதுனது யாரு?”

“எங்க பெரிய கங்காணிங்க.”

“அவர் பேரு ‘கே’ எழுத்துல ஆரம்பிக்குதா?”

“உங்களுக்கு யாருங்க சொன்னா?”

“யாரும் சொல்லல. ஏன் கேக்குறீங்க?”

“அவரு பேரை நாங்க வாயால சொல்லுறதே இல்லீங்க. கோயில்ல அவருக்குக் கல்லு வச்சுக் கும்புடுறோம். நாலு தலைமொறையா பெரிய கங்காணின்னுதான். வெளி ஆளுங்க யாருக்கும் தெரியாது. கேஸ் பத்திரத்துக்கு வேணும்னு கேட்டாருன்னு, லோயருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தோம்.”

“உங்க லோயர் யுகேந்திரனுக்கா?”

“ஆமாங்க. காலையில அவருக்கும் போன் போட்டேன். போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்கன்னு அவருதான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.”

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. புஷ்பவள்ளிக்காக விழுங்கினேன்.

“இன்னும் ஒண்ணுதான்மா. பெரிய கங்காணியோட அப்பா பேரு?”

“அதைச் சொல்லலாம். வைரப்பன்.”

அக்கா போனை வைத்தார். நான் கேட்டேன்: “லோஷினியே வலி தாங்காம பேரைச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவ வாயைத் தொறந்திருந்தா சரியான பெட்டியைச் சொல்லியிருப்பா. தப்பான பெட்டியை அவன் ஏன் கிழிக்கணும்?” அக்கா ‘ஏ’ பெட்டியிலிருந்து ஒரு கோப்பை உருவி என் மடியில் போட்டார். “இது தோட்டத்துக் கிராணி, கணக்குப் புள்ளை, எழுதுனது. கையெழுத்தைப் பாரு, ஃபைல் மேல உள்ளதையும் பாரு.”

கையெழுத்து ஞானமுத்து அருளப்பன். கோப்பின் மேல் தட்டச்சில் ‘அருளப்பன்’. கிராணியின் அப்பா பெயர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிணத்துக்குப் பக்கத்தில். “அக்கா, சிங்கப்பூர் கிளினிக்ல என்னைக் கூப்புடுற மாதிரி! ‘மிஸ்டர் சுல்தான், மிஸ்டர் சுல்தான்’னு கத்துவாங்க. அது வாப்பா பேரு. அவர் மௌத்தாகி பத்து வருஷம் ஆச்சு. இன்னும் என் ஊசியெல்லாம் அவர்தான் போட்டுக்குறாரு.”

“வெள்ளைக்காரன் ஆபீஸ்ல கடைசியா வர்ற பேருதான் குடும்பப் பேரு. நம்மாளு பேருக்குப் பின்னால அப்பன் பேரு எழுதுனா, அந்தக் குமாஸ்தா அப்பன் பேர்ல ஃபைல் போட்டுருவான். யுகேந்திரன் தமிழன் மாதிரி தேடியிருக்கான். அமெரிக்கக் குமாஸ்தா மாதிரி தேடணும்.”

‘வி’ பெட்டி. எண்பதுக்கும் மேல் கோப்புகள். நடுவில் மெல்லியதாக ஒன்று. மேலே முதலில் ‘வைரப்பன்’, காற்புள்ளி, அதன் பிறகு அந்த இன்னொரு பெயர். நானும் அதை வாயால் சொல்லவில்லை. காரணமெல்லாம் தெரியாது, சொல்லத் தோன்றவில்லை.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். ஒரு முறை. பிறகு கடைசிப் பக்கத்தை மறுபடி. நான் கை நீட்டினேன்.

“குடுங்கக்கா, பார்ப்போம். வெள்ளைக்காரன் எவ்ளோ ஏக்கர் குடுத்தான்?”

“நேரமில்ல.” கோப்பைப் பழைய இடத்திலேயே செருகினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அடுத்து இரண்டு போன். முதலாவது, பழைய சகா இன்ஸ்பெக்டர் ஷாமளாவுக்கு. சைரன் இல்லாமல், பின்பக்கச் சாலையில் வந்து நிற்கச் சொன்னார். இரண்டாவது, வழக்கறிஞர் யுகேந்திரனுக்கு. அந்தப் போனில் அக்காவின் குரல் அப்படியே உடைந்துபோனது. சத்தியமாகச் சொல்கிறேன், கூட இருந்த எனக்கே பாவமாக இருந்தது.

“சார், உதுமானைக் கொன்னு போட்டிருக்காங்க சார்... இல்ல சார், கடிதம் எங்களுக்குக் கிடைக்கல. வி பெட்டியில இருக்குன்னு தெரியுது, ஆனா எண்பது ஃபைல் இருக்கு. எதுன்னு லோஷினிக்குத்தான் தெரியும். இனி மறைக்க முடியாது சார், பன்னெண்டு மணிக்குப் போலீஸ் வந்து எல்லாத்தையும் சீல் வச்சுக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிடும். நாங்க கெளம்புறோம், அம்மாவைப் பார்க்கணும்.”

போனை வைத்ததும் குரல் பழையபடி ஆனது. “ஷட்டரைப் பாதி இறக்கு. காரைப் பின்னால விடு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “பொண்ணை நாம தேடிப் போகல. அவனே கூட்டிட்டு வரப் போறான்!”

“ஃபைலைக் காட்ட அவ வேணுமே.”

“பெட்டியோட கொளுத்திட்டுப் போயிட்டா?”

“கண்ணால பார்க்காம கொளுத்த மாட்டான். தப்பானதைக் கொளுத்திட்டு நாளைக்கு எப்படித் தூங்குவான்?”

“அப்ப உண்மையான கடிதத்தை எடுத்துட்டு வேற ஏதாவது வச்சா என்னக்கா? இங்கதான் புல்வெளிக் கடிதம் நூறு இருக்கே.”

“அவன் கண்டுபுடிச்சா அவ கழுத்துதான் போகும். காகிதத்துக்காக ஒரு பொண்ணு உயிரை வச்சு நான் வெளையாட மாட்டேன், ஜுனைத்.” சொல்லிவிட்டு, ஷட்டர் இழுக்கும் நீளமான இரும்புக் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் அலமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். ஆயுதமாக எனக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தின் 1911ஆம் ஆண்டறிக்கை. நாலு கிலோ இருக்கும்.

பதினொன்றே காலுக்கு வெள்ளை வேன் ஒன்று பின்னோக்கி வந்து ஷட்டரை ஒட்டி நின்றது. முதலில் இறங்கியவர் யுகேந்திரன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பளபளக்கும் ஷூ. அடுத்து, வாசல் அளவு அகலத்தில் ஒருவன், கையில் காடு வெட்டுகிற நீளமான பாராங் கத்தி. அவன் பெயர் மணியம் என்று பிறகு தெரிந்தது. அவன் இன்னொரு கையில் லோஷினியின் தலைமுடி.

அவளை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். உதடு கிழிந்து ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. இடது கையில் சுற்றியிருந்த துணிக்கு வெளியே விரல்கள் கோணலாக நீட்டியிருந்தன. காலையில் ஒரு விரல்தான் ஒடிந்திருந்தது. இப்போது மூன்று. பாவிகள், என்று நினைத்தேன். என் பல் கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது.

நானாவின் உடலைத் தாண்டும்போது யுகேந்திரன் ஷூவில் இரத்தம் படாமல் கால் தூக்கி வைத்தார்.

“எதுன்னு காட்டு,” என்றார் லோஷினியிடம். “காட்டுனா அம்மாகிட்ட போயிடலாம்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணியம் துணி சுற்றிய கையைப் பிடித்து அமுக்கினான். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதும் அவள் காட்டவில்லை.

“விடுடா அவளை!” கஸ்தூரி அக்கா வெளியே வந்தார். கொக்கி முதுகுக்குப் பின்னால் இருந்தது. “நான் காட்டுறேன். நடுவுல, மெல்லிசான ஃபைல். வைரப்பன்.”

“அக்கா, வேணாம்!” என்று அலறினாள் லோஷினி. “குடுக்காதீங்க! என்னைக் கொன்னாலும் பரவால்ல, குடுக்காதீங்க!”

பாராங் அவள் கழுத்தில் ஏறியது. யுகேந்திரன் ஒரு நொடிதான் திகைத்தார். “ரிட்டயர் ஆன போலீஸ். இங்கயேதான் இருந்தீங்களா? பரவால்ல, வேலை சுலபமாச்சு.” கோப்பை உருவிப் பிரித்தார். மூன்று பக்கங்கள். மேலே தலைவரின் பெயர், தோட்டத்தின் பெயர், 1914 மார்ச் 9 என்று தேதி. முதல் பக்கத்தை ஓட்டமாகப் படித்தார்.

“‘உங்கள் மனுவை மகிழ்ச்சியுடன் பெற்றேன். உங்கள் மக்களின் உழைப்பை இப்பல்கலைக்கழகம் என்றும் மறவாது...’ ஆகா, என்ன அருமையா எழுதியிருக்கான்.” பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

“சார்,” என்றார் அக்கா, “கொளுத்துறதுக்கு முன்னால கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருங்க. நீங்க வக்கீல்தானே, பாதி படிச்சு முடிவு பண்ணலாமா?”

“நேரம் இழுக்குறீங்களா? போலீஸ் வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. நீங்கதானே சொன்னீங்க.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மூணாவது பக்கம் சார்.”

அவர் சிரித்தார். லைட்டரைத் தட்டினார். நூறு வருடத்துக்கு மேல் காய்ந்த மெல்லிய தாள். மூன்று பக்கமும் கருகிச் சுருண்டு தரையில் விழுந்தது. ஷூவால் தேய்த்தார்.

நான் லோஷினியைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண் அந்தச் சாம்பலையே பார்த்தது, மூச்சு வாங்கியது, அழவே இல்லை.

“மணியம்,” என்றார் யுகேந்திரன், “முதல்ல அந்தப் பொம்பளையை முடி.”

பாராங் லோஷினியின் கழுத்தை விட்டு அக்கா பக்கம் திரும்பியது. எனக்கு அது போதும். ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், கால் தன்னால் போய்விட்டது. வெட்டு புத்தகத்தின் மேல் இறங்கியது. அறுநூறு பக்கத்தில் நானூறு பக்கம் உள்ளே போய்ப் பாராங் சிக்கிக்கொண்டது. நுனி மட்டும் என் முன்கையைக் கீறி, முழங்கைவரை இரத்தம் ஓடியது.

மணியம் பாராங்கை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். அக்காவின் கொக்கி அவன் முழங்காலில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். இரண்டாவது அடி மணிக்கட்டில். அவன் சுருண்டு விழுந்ததும் நான் புத்தகத்தோடு அவன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அடித்தேன். மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தேன். ‘இது நானாவுக்கு’ என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. நிறுத்தவும் எனக்கு மனமில்லை.

“ஜுனைத்! போதும்! அங்க பாரு!”

யுகேந்திரன் லோஷினியின் கழுத்தை முழங்கையால் வளைத்து, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை அவள் தொண்டையில் வைத்தபடி வேனை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். கத்தி முனையில் இரத்தம் துளிர்த்தது.

“கிட்ட வந்தா அறுத்துருவேன்!”

லோஷினி அவர் முழங்கையில் பல்லைப் பதித்தாள். சும்மா கடியல்ல, சதையைப் பிய்க்கிற கடி. அவர் அலறிக் கையை உதறிய அந்த ஒரு நொடியில், அக்காவின் கொக்கி அவர் கணுக்காலில் மாட்டி இழுத்தது. வழக்கறிஞர் முகம் சிமெண்ட் தரையில் மோதியது. இரண்டு முன்பற்கள் எனக்கு முன்னால் வரை உருண்டு வந்தன.

அக்கா அவர் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கிக்கொண்டு, ரொம்பவும் மரியாதையாகப் பேசினார்.

“சார், அந்த மூணாவது பக்கத்தை நான் படிச்சேன். சொல்லவா? ‘ஆகையால் மனுவை ஏற்பதற்கில்லை. குடியிருப்பும் கோயிலும் உள்ள பதினோரு ஏக்கரும் பல்கலைக்கழகத்தின் முழு உடைமை. மனு எழுதிய நீங்கள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்; இம்மாத முடிவுக்குள் தோட்டத்தை விட்டு வெளியேறவும்.’ அவ்ளோதான் சார்.”

எனக்குக் கையில் வலிகூட நின்றுபோன மாதிரி இருந்தது.

“பொய்,” என்றார் யுகேந்திரன். பல் இல்லாததால் காற்றுத்தான் வந்தது.

“உங்களை வெலைக்கு வாங்குன கம்பெனிக்கு நாளைக்குக் கோர்ட்ல ஜெயிக்க அந்த ஒரு தாள் போதும். ஒரு கெழவனைக் கொன்னு, ஒரு பொண்ணு விரலை ஒடிச்சு, தேடிப் புடிச்சு நீங்களே கொளுத்திட்டீங்க. படிங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன் சார். ஜுனைத் சாட்சி.”

அவர் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார். பின்பக்கக் கதவு திறந்தது. அப்போதுதான் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் ஷாமளாவின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். விலங்கு மாட்டும்போது ஷாமளா கேட்டார், “கீழே என்ன சாம்பல்? என்ன எரிச்சாங்க?”

“எரிச்சவரைக் கேளு,” என்றார் அக்கா.

எல்லோரும் யுகேந்திரனைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். கடிதத்தில் இருந்ததைச் சொன்னால், அதைத் தேடி வந்ததையும் எரித்ததையும் தன் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டார். இருபது வருடம் வாயை வைத்துப் பிழைத்த மனிதர்.

லோஷினி ‘வி’ பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் கையைத் தொட்டபோதும் அவள் அக்காவையே பார்த்தாள்.

“திங்கக்கிழமை பதிவேட்டுல ‘பதில் அனுப்பப்பட்டது’ன்னு இருந்துச்சு. நெலம் கெடைச்சிருச்சுன்னு நெனச்சு லோயருக்கு போட்டோ அனுப்பிட்டேன். அடுத்த நாள்தான் கடிதத்தைப் படிச்சேன். அது கம்பெனி கைக்குப் போனா நாப்பத்திரண்டு குடும்பமும் ரோட்டுக்கு வந்துரும். அதான்...” கையைப் பார்த்தாள்.

“அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கலாமேம்மா,” என்றேன். “மூணு விரல் மிஞ்சியிருக்கும்லா.”

“மனசு வரல. அவரு பேருக்கு வந்த ஒரே கடிதம் அதுதான்.”

அக்கா தன் கைப்பையைத் திறந்தார். மடித்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து அவள் மடியில் விரித்தார். எனக்கும் அப்போதுதான் தெரியும். பதில் மட்டும்தான் பெட்டிக்குத் திரும்பியிருக்கிறது. கங்காணி எழுதிய மனு அக்காவிடமே இருந்திருக்கிறது. கீழே வரிசையாக முப்பத்தெட்டுக் கைநாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த லயத்து வீடு, எத்தனை பிள்ளைகள் என்று கிராணி கையால் குறித்திருந்தது. 1914 ஜனவரி.

“யாரு குடுத்தாங்க, யாரு குடுக்கலன்னு சொல்ல இனி யார்கிட்டயும் காகிதம் இல்ல,” என்றார் அக்கா. “ஆனா நூத்திப் பத்து வருஷத்துக்கு முன்னாலயே நீங்க அங்க இருந்தீங்கன்னு சொல்ல இது இருக்கு. நல்ல லோயரா ஒருத்தரைப் புடிப்போம்.”

லோஷினி நல்ல கையால் அந்தக் கைநாட்டுகளைத் தடவினாள். இத்தனை நேரம் அழாதவள் அப்போது அழுதாள். “வெளிய போன்னு எழுதியிருக்கான் அக்கா. அவரு போகல. போயிருந்தா நாங்க எப்படி அங்க இருப்போம்?”

போலீஸில் இருந்த ஒருவர் ஆதாரத்தை மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. கன்னம் காரணம் இல்லை.

அக்கா புஷ்பவள்ளிக்குப் போன் போட்டு லோஷினியின் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அழுகையும் சாமி பெயர்களும் கலந்து வெகுநேரம் கேட்டது. பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது.

“அந்தக் கடிதம் என்னாச்சு தாயி? தொரை என்ன எழுதியிருந்தாரு?”

லோஷினி அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

“தெரியலம்மா,” என்றாள். “படிக்கிறதுக்குள்ள எரிச்சிட்டாங்க.”